விசில் ஊதினால் வரமாட்டார்கள்

மடுல்சீமைக்கு மேலே, மலை திடீரென்று முடிந்து பள்ளமாக இறங்கும் இடத்துக்குப் போகிற பாதையில் புதிதாக ஒரு பலகை நட்டிருக்கிறார்கள். மகளின் குடும்பத்தோடு போனபோது பார்த்தேன். காட்டில் வழி தவறினால் என்ன செய்ய வேண்டும் என்று மூன்று மொழியிலும் எழுதியிருக்கிறது. நின்ற இடத்திலேயே நில்லுங்கள். மூன்று தடவை விசில் ஊதுங்கள். மூன்று இடத்தில் தீ மூட்டுங்கள். கண்ணாடியால் வெயிலைத் திருப்பிக் காட்டுங்கள். பளிச்சென்ற நிறத்தில் ஒரு துணியை உயரத்தில் கட்டுங்கள். எல்லாம் சரியான விஷயம்தான். உலகத்தில் எந்தக் காட்டிலும் செல்லுபடியாகும், எங்கள் ஊவா மாகாணத்தைத் தவிர.

மருமகன் என்னைப் பலகைக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தார். "மாமா, கொஞ்சம் சிரிங்க" என்றார். சிரித்தேன். அந்தப் படம் எப்படியோ எங்கள் பழைய வன இலாகா அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. இப்போது அங்கே வேலை செய்கிற லுணுகலைத் தம்பி ஒருவர் அடுத்த நாளே அழைத்தார். "அண்ணே, பலகையப் பாத்துச் சிரிக்கிறீங்க. புதுசா வந்திருக்கிறவங்களுக்கு வந்து ஒங்க அனுபவத்தச் சொல்லுங்களேன்" என்றார். எனக்கு முழங்கால் சரியில்லை, நின்றுகொண்டு பேச முடியாது, எழுதித் தருகிறேன் என்றேன். விட்டால் போதும் என்று நினைத்தேன். அவர் விடவில்லை. வாரத்துக்கு ஒரு தடவை, "எழுதியாச்சா அண்ணே?" என்று கேட்கிறார். அவர் தொல்லை தாங்காமல் எழுதுகிறேன்.

நான் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீடுகளில் ஒன்றில் பிறந்தவன். வன இலாகாவில் வெளிக்கள உதவியாளராகச் சேர்ந்து, அதே பதவியில் ஓய்வு பெற்றேன். எனக்கு வேலை கிடைத்ததற்குக் காரணம் என் கெட்டித்தனம் அல்ல, அந்த வருடம் அவர்களுக்குத் தமிழ் தெரிந்த ஆள் ஒருவர் தேவைப்பட்டார். பயிற்சிக் காலத்தில் மரங்களுக்கு லத்தீன் பெயர் படித்தோம். மரம் வெட்டுகிறவர்களுக்கு லத்தீன் தெரியாது என்பதை வேலைக்கு வந்த பிறகு நானாகத் தெரிந்துகொண்டேன்.

காணாமல் போனவர்களைத் தேடுவது எங்கள் வேலையே இல்லை. அதற்குப் பொலிஸ் இருக்கிறது, இராணுவம் இருக்கிறது. ஆனால் அவர்களுக்குக் காட்டுக்குள் பாதை தெரியாது. அதனால் எங்களை முன்னால் நடக்க விட்டு அவர்கள் பின்னால் வருவார்கள். ஆட்கள் கிடைத்தால் பேப்பரில் பொலிஸ், இராணுவத்துக்காரர் படம் வரும். எங்களுக்கு அட்டைக்கடி மிஞ்சும்.

தீயிலிருந்து தொடங்குகிறேன். ஒரு ஆடி மாதம், கொழும்பிலிருந்து வந்த நான்கு கல்லூரி மாணவர்கள் மானாப்புல் மூடிய மலை ஒன்றில் வழி தவறிவிட்டார்கள். படித்த பிள்ளைகள். முக்கோணமாக மூன்று இடத்தில் தீ மூட்ட வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஊவாவில் ஆடி மாதம் எப்படிக் காற்றடிக்கும் என்று தெரிந்திருக்கவில்லை. மூன்று தீயும் ஒன்றாகச் சேர்ந்து மலை பூராவும் ஏறியது. சுற்றியிருந்த தோட்டத்து ஆட்கள் எல்லாரும் அந்தப் புகையைப் பார்த்தார்கள், ஒருவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. மாட்டுக்கு இளம்புல் முளைக்கட்டும் என்று அந்த மாதத்தில் யாராவது ஒருவர் நெருப்பு வைப்பது வழக்கம், நமக்கேன் வம்பு என்று இருந்துவிட்டார்கள். அந்தப் பிள்ளைகளைக் கண்டுபிடிப்பது எங்களுக்குக் கஷ்டமாக இருக்கவில்லை. எரியாமல் மிச்சமிருந்த இடத்தில் தேடினோம். ஒருவன் ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடித்து, "எங்கட சிக்னலப் பாத்தீங்களா அங்கிள்?" என்று கேட்டான்.

"பாத்தோம் தம்பி. பதுளையிலருந்தே தெரிஞ்சிச்சு" என்றேன்.

கண்ணாடி விஷயம் இதைவிட மோசம். காலைச் சுளுக்கிக்கொண்ட நில அளவையாளர் ஒருவர், முகம் வழிக்கிற கண்ணாடியை வைத்துக்கொண்டு எதிர் மலை லயத்துக்கு வெயிலைத் திருப்பித் திருப்பிக் காட்டியிருக்கிறார். கை சோரும் வரைக்கும் காட்டியிருக்கிறார். எங்கள் பக்கத்தில் போஞ்சி, கோவா என்று மரக்கறி போடுகிறவர்கள் குருவி விரட்டுவதற்குப் பழைய சீடித் தட்டுகளை நூலில் கட்டித் தொங்கவிடுவார்கள், அது நாள் முழுக்க மின்னும். பிறகு விசாரித்தபோது எதிர் மலையில் ஒரு அம்மா சொன்னார்: "நல்லா மினுக்கிச்சுங்க. அந்தப் பக்கம் யாரோ புதுசா போஞ்சி போட்டிருக்காங்கன்னு பேசிக்கிட்டோம்."

துணி கட்டிய கதை ஒரு வெள்ளைக்காரப் பெண்ணுடையது. தன்னுடைய சிவப்புச் சால்வையைப் பெரிய மரம் ஒன்றில் உயரமாகக் கட்டிவிட்டு, கீழே ஓடை ஓரமாக உட்கார்ந்திருந்தார். நாங்கள் போய்ப் பார்த்தபோது மரத்தடியில் தேங்காய் உடைத்திருந்தது. சூடம் எரிந்த கரி இருந்தது. வெற்றிலை பாக்கும் இருந்தது. விறகுக்குப் போன இரண்டு பெண்கள்தான் கும்பிட்டுவிட்டுப் போனவர்கள். "மரத்துல துணி கட்டியிருந்திச்சு, முனி இருக்குன்னு தெரிஞ்சிச்சுங்க" என்றார்கள்.

"சத்தம் ஒண்ணும் கேக்கலையா?"

"கேட்டிச்சுங்களே. பொம்பளக் கொரலு, வெளங்காத பாஷ. அதான் வெரசா சூடத்தப் பொருத்திட்டு ஓடியாந்துட்டோம்."

அந்தப் பெண் பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்தார். சால்வை மரத்திலேயே இருந்துவிட்டது. அன்றிலிருந்து அந்த மரத்தில் யாரும் கத்தி வைப்பதில்லை. எங்கள் இலாகாவால் முடியாத காரியம் அது.

இனி விசிலுக்கு வருகிறேன். அதைச் சொல்வதற்கு முன்னால் எங்கள் சேரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு எங்கள் பகுதிக்கு அதிகாரியாக வந்தவர். யாழ்ப்பாணத்து மனிதர். காட்டுக்குள் போகிறபோதும் சட்டையை இஸ்திரி போட்டுத்தான் உடுத்துவார். சத்தம் போட்டுப் பேசியதை நான் கேட்டதில்லை. ஏதாவது முடிவு எடுக்க வேண்டுமென்றால் முதலில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவார், கைக்குட்டையால் ஒரு பக்கம் துடைப்பார், மறுபக்கம் துடைப்பார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார், மாட்டுவார். அதற்குப் பிறகுதான் வாய் திறக்கும். காட்டுத்தீ பிடித்தாலும் இதில் மாற்றமில்லை. எனக்குப் பல தடவை அந்தக் கைக்குட்டையைப் பிடுங்கி எறிய வேண்டும் போலிருந்திருக்கிறது.

ஆனால் தேடுவதில் அவரைப் போல ஒருவரை நான் பார்த்ததில்லை. ஆட்களை ஒரே வரிசையில் நிறுத்துவார். பக்கத்து ஆளின் தொப்பி தெரிகிற தூரத்துக்கு மேல் யாரும் விலகக்கூடாது. பனிமூட்டம் இறங்கினால் வரிசையும் நெருங்கும். போன இடத்து மரத்தில் சுண்ணக்கட்டியால் கோடு போட வேண்டும், பட்டையைக் கொத்தக்கூடாது. ஒருவர் மட்டும் விசில் ஊதுவார். ஊதி முடித்ததும் எல்லாரும் கல்லு மாதிரி நிற்க வேண்டும். பீடி பற்ற வைக்கக்கூடாது, இருமக்கூடாது, அட்டையைத் தட்டக்கூடாது. நின்று கேட்க வேண்டும். "செல்லையா, கேக்கிறதுதான் தேடுறது. ஊதுறது அதுக்கொரு சாட்டு. விளங்குதோ?" என்பார். விளங்குது சேர் என்பேன். கழுத்தில் அட்டை ஏறுவது அதைவிட நன்றாக விளங்கும்.

அது ஒரு மார்கழி மாதம். மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து தகவல் வந்தது. மேல் லயத்து ஆள் ஒருவர் முதல் நாள் காலையில் காட்டுப் பக்கம் போனவர் திரும்பவில்லை. பெயர் பழனியாண்டி. மழையும் பனியும் மாறி மாறி இறங்கிக்கொண்டிருந்தன. அந்தக் காட்டுக்கு மறுபக்கம்தான் மலை முடிகிற இடம். தெளிந்த நாளில் கீழே வயல் வெளி எல்லாம் தெரியும். பனி மூடினால் கால் வைக்கிற இடமும் விழுகிற இடமும் ஒரே வெள்ளையாக இருக்கும்.

லயத்து வாசலில் அவருடைய மனைவி பாக்கியம் நின்றுகொண்டிருந்தார். மாட்டைத் தேடிப் போனவர் வரவில்லை என்றார். அந்த மாடு லயத்துக்குப் பின்னால் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

சேர் மாட்டைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்தார். "அம்மா, வேற மாடும் நிக்குதோ?"

"இல்லீங்கையா. ஒண்ணுதான்."

"அப்ப மாடு வந்திட்டுது."

"ஆமாங்கையா. மாடு வந்திருச்சு. மனுசன்தான் வரல."

சேர் காட்டுப் பக்கம் கையைக் காட்டினார். வரிசை கட்டிக்கொண்டு காட்டுக்குள் இறங்கினோம். லயத்து ஆட்கள் இரண்டு பேர் கூட வந்தார்கள், ஒருவர் பழனியாண்டியின் சொந்த மச்சான். விசில் என்னிடம் இருந்தது. மூன்று ஊது ஊதுவேன், நிற்போம். மச்சான் பெயர் சொல்லிக் கூப்பிடுவார், நிற்போம். அன்றைக்கு மழை சொட்டுகிற சத்தத்தைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. இருட்டுவதற்கு முன் திரும்பிவிட்டோம்.

அடுத்த நாள் காலையில் ஒரு பாறைக்கு அடியில் ஆள் கிடந்த இடம் கிடைத்தது. பன்னைச் செடியின் இலைகளை ஒடித்து மெத்தை மாதிரிப் பரப்பியிருந்தது. பக்கத்தில் வெற்றிலை எச்சில், இன்னும் காயாமல் சிவப்பாக இருந்தது. உயிரோடு இருக்கிறார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து ஊதினேன். நின்றோம்.

சுள்ளி ஒன்று முறிந்தது. பிறகு இன்னொன்று, கொஞ்சம் தள்ளி. பிறகு இலைகள் உரசுகிற சத்தம். எங்களைப் பார்த்து வரவில்லை. எங்களை விட்டுப் போய்க்கொண்டிருந்தது.

"போறார்" என்றார் சேர், வாய்க்குள்ளேயே.

எனக்கு விளங்கவில்லை. காது கேளாதவரோ, பயத்தில் புத்தி பேதலித்துவிட்டதோ என்று நினைத்தேன். இன்னும் கொஞ்சம் முன்னால் போய் மறுபடியும் ஊதினேன். மறுபடியும் அதே சத்தம், இன்னும் தூரத்தில், இன்னும் வேகமாக. ஈரமண்ணில் வெறுங்கால் தடம் சறுக்கிக்கொண்டு போயிருந்தது. தடம் போன திசையைப் பார்த்தேன். மரங்கள் குறைந்து வெள்ளையாக இருந்தது. அதற்கு அப்பால் காடு இல்லை, பள்ளம்தான்.

மூன்றாவது தடவை விசிலை வாயில் வைத்தேன். சேர் கையை நீட்டி அதை என் பல்லுக்கிடையிலிருந்து உருவி எடுத்தார். அந்த நேரம் அவர் கண்ணாடியைத் துடைக்கவில்லை.

"ஊதாதையும். ஒருத்தரும் அசையாதேங்கோ."

மச்சான்தான் மெதுவாகச் சொன்னார். "ஐயா, அது மாட்டத் தேடிப் போகலீங்க. மரம் வெட்டப் போயிருக்கு."

அப்போதுதான் எனக்கு மண்டையில் ஏறியது. அந்தக் காட்டில் என் விசில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறது, ஒவ்வொரு தடவையும் மரம் வெட்டுகிறவர்களைச் சுற்றி வளைக்கத்தான். மேல் லயத்தில் பால்குடிப் பிள்ளைக்குக்கூட அந்தச் சத்தம் தெரியும். "ஓடாதே, ஒண்ணும் செய்யமாட்டோம், வெளிய வா" என்று காலையிலிருந்து கத்திக்கொண்டிருக்கிறோமே, பிடிக்கப் போகிறபோதும் அதைத்தான் கத்துவோம். சொந்தக்காரரைக் கூட்டி வந்து பெயர் சொல்லிக் கூப்பிட வைப்பதும் எங்கள் பழைய வேலைதான். முதல் நாள் பனியில் வழி தவறிய ஒரு மனிதர் இரண்டு நாள் மழையில், பசியில், நடுங்கிக்கொண்டு எங்களிடமிருந்து தப்பிக்கொண்டிருக்கிறார். நாங்கள் அவரைக் காப்பாற்றக் காப்பாற்ற அவர் பள்ளத்தை நோக்கிப் போகிறார். இன்னும் ஒரு ஊது ஊதியிருந்தால் கொன்றிருப்பேன்.

வந்த வழியே, சத்தமில்லாமல், லயத்துக்குத் திரும்பினோம். பாக்கியம் எங்கள் முகத்தைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டார். இருக்கிறார், உயிரோடு இருக்கிறார் என்று முதலில் அதைச் சொன்னேன். பிறகு எங்கே நிற்கிறார் என்று சொன்னேன்.

"மாடு இல்லீங்கையா" என்றார் அவர். "கூர கைமரம் உளுத்துப் போச்சு. இன்னொரு பெரு மழ பேஞ்சா தலையில விழுந்துரும். தோட்டத்து ஆபீஸ்ல சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப்போச்சு. அதான் ஒரு மரம் தறிச்சிட்டு வாறேன்னு போச்சு."

"நேத்தே சொல்லியிருந்தா என்னாம்மா?" எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"சொன்னா கேஸு. சொல்லலன்னா உசுரு. நான் என்னா செய்ய? சொல்லியிருந்தா மட்டும் நீங்க விசிலடிக்காமயா போயிருப்பீங்க?"

நீங்களே வந்து கூப்பிடுங்கள் என்றேன். "நான் கூப்பிட்டா என்னையும் புடிச்சி வச்சிருக்கீங்கன்னு நெனைக்கும். அந்தாளுக்கு ஒங்க மேல அம்புட்டு நம்பிக்க" என்றார்.

சேர் லயத்துப் படியில் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றினார், ஒரு பக்கம் துடைத்தார், மறுபக்கம் துடைத்தார். இந்தத் தடவை எனக்குக் கோபம் வரவில்லை, அந்தத் துணியிலிருந்தாவது ஏதாவது வரட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா, உங்கட மனுசன் எந்தச் சத்தத்துக்கு வருவார்?"

பாக்கியம் யோசித்தார். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குக் கூப்பிடுகிற சங்குக்கு அவர் என்றைக்கும் பிந்தித்தான் போவாராம். கோயில் மணிக்குப் போகவே மாட்டாராம். "எழவு மோளம் அடிச்சா எங்க இருந்தாலும் வந்துரும்" என்றார். "லயத்துல எல்லாருகூடயும் சண்ட. ஆனா எந்த எழவையும் விட்டதில்ல. குழி வெட்ட மொத ஆளா நிக்கும்."

தோட்டத்து வாழ்க்கை தெரியாதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். லயத்தில் ஒருவர் செத்தால் தப்பு என்கிற அந்தப் பறையைச் சாவு அடியில் அடிப்பார்கள். மலை மலையாக எட்டும். கேட்டதும் கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டுப் போக வேண்டும். பேச்சுவார்த்தை இல்லாதவர்களும் போக வேண்டும். கேதம் சொல்ல இரண்டு பேர் அடுத்த லயங்களுக்குப் போய், இன்னார் வீட்டில் இன்னார் செத்துவிட்டார் என்று எல்லையில் நின்று கூவுவார்கள். கேட்டும் போகாதவர் வீட்டுக்கு நாளைக்கு ஒன்று நடந்தால் ஒருவரும் வரமாட்டார்கள்.

தப்பு அடிக்கிற சன்னாசியைக் கூட்டி வந்தோம். விஷயத்தைக் கேட்டதும் அவர் பின்னால் நகர்ந்தார். "உசுரோட இருக்கறவனுக்குச் சாவு அடி அடிக்க மாட்டேங்க. என் கையி வெளங்காமப் போயிரும்."

"அந்தாளுக்கு யாரு அடிக்கச் சொன்னா?" என்றார் பாக்கியம். "எனக்கு அடி."

சன்னாசி தப்பைத் தரையில் வைத்துவிட்டார்.

"வேற யாருக்கு அடிச்சாலும் தேயில மறைவுல நின்னு பாத்துட்டு, ஐயாமாரக் கண்டா திரும்பி ஓடிரும். நான் போயிட்டேன்னா யாரு நின்னாலும் பாக்காது. வந்துரும்."

"ஆத்தா, வேணாம்..." என்றார் சன்னாசி.

"செத்தவளே சொல்றேன். அடின்னா அடி."

நான் சேர் பக்கம் குனிந்து, இதை அறிக்கையில் எப்படி எழுதுவது என்று கேட்டேன். "ஒலி மூலம் அழைப்பு விடுக்கப்பட்டது எண்டு எழுதும்" என்றார்.

சீருடையோடு நின்றால் காரியம் கெட்டுவிடும் என்று சட்டைகளைக் கழற்றினோம். லயத்து ஆட்கள் சாரமும் கம்பளிச் சட்டையும் தந்தார்கள். சேருக்குக் கிடைத்தது கோடு போட்ட ஒரு சாரம், தலைக்கு ஒரு துவாய். அதற்குக் கீழே பளபளவென்று இலாகா சப்பாத்து தெரிந்தது. அவருடைய அளவுக்கு வேறு செருப்பு அந்த லயத்தில் இல்லை. வாசலில் கிடந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்து, சாவு வீட்டில் எப்படி இருப்பார்களோ அப்படித் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் வெள்ளைக்கொடி கட்டினார்கள். ஈரத்தில் தப்புத் தோல் தொய்ந்துபோயிருந்தது, கூரை இறவாணத்துக்குக் கீழே கடுதாசியைக் கொளுத்திக் காய்ச்சினார் சன்னாசி. பாக்கியத்தை ஒரு தடவை பார்த்தார். பிறகு அடிக்கத் தொடங்கினார்.

மச்சானும் இன்னொருவரும் தேயிலை முடிந்து காடு தொடங்குகிற இடத்துக்குப் போய் நின்று கூவினார்கள். "மேல் லயத்துப் பழனியாண்டி பொஞ்சாதி பாக்கியம் தவறிப்போச்சு... கேதம்..." காட்டைப் பார்த்துத்தான் கூவினார்கள். ஆனால் தோட்டத்தின் கீழ் டிவிசன் லயங்களுக்கும் அது கேட்டது. அவர்களுக்கு முன்கூட்டிச் சொல்லி வைக்க எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை. கொஞ்ச நேரத்தில் கூடையைப் போட்டுவிட்டு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். சீனியும் தேயிலைத் தூளும் கொண்டு வந்தார்கள். வந்தவர்களுக்குச் செத்த பாக்கியமே தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். சின்னம்மா முறையான ஒரு கிழவி பாதையிலிருந்தே மாரடித்துக்கொண்டு வந்து, எதிரே நின்றவரைக் கட்டிப்பிடித்து, "போயிட்டியாடி பாக்கியம்" என்று அழுதார். யாரைக் கட்டிப்பிடித்திருக்கிறோம் என்று தெரிந்ததும் பளார் என்று ஒரு அறை விட்டார். விஷயத்தைச் சொன்னார்கள். "சரி, தொடங்கின அழுகைய நடுவுல நிறுத்தக்கூடாது" என்று சொல்லி உட்கார்ந்து மிச்சத்தையும் அழுதார்.

பழனியாண்டி வரவில்லை. பனி இன்னும் கெட்டியாக இறங்கியது. எனக்கு இப்போது வேறு பயம் பிடித்துக்கொண்டது. அழுதுகொண்டு ஓடி வருகிறவர் எந்தப் பக்கம் ஓடுவார்? சத்தம் மலையில் மோதித் திரும்பி வந்தால் பள்ளத்துப் பக்கமிருந்து கேட்காதா? சேரும் அதையேதான் நினைத்திருக்க வேண்டும், "நிப்பாட்ட வேண்டாமெண்டு சொல்லும். ஒரே இடத்திலயே நிண்டு அடிக்கச் சொல்லும்" என்று என்னிடம் சொல்லிவிட்டார். சன்னாசியின் விரல் வீங்கிவிட்டது. இரண்டு தடவை தோலைக் காய்ச்ச மட்டும் நிறுத்தினார். அந்த நேரத்தில் எல்லாரும் காட்டுப் பக்கம் திரும்பிக் காது கொடுத்தார்கள்.

பாக்கியம் தேத்தண்ணிக் கேத்தலோடு என் பக்கத்தில் வந்து நின்றார். "ஐயா, ஒண்ணு கேக்கட்டுமா? அந்தாளு வரலன்னா, இந்த மோளம் யாருக்கு அடிச்சதா ஆகும்?"

நான் காட்டைப் பார்த்தேன். அவரைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. கடவுளே, இந்த மனிதரைக் கொண்டுவந்து விடு, இனி என்னிடம் ஒன்றும் கேட்க மாட்டேன் என்று மனதுக்குள் சொன்னேன். நான் அடிக்கடி கும்பிடுகிறவன் இல்லை.

முதலில் சத்தம்தான் வந்தது. தேயிலை நிரைகளைப் பாதை பார்க்காமல் முறித்துக்கொண்டு ஏதோ ஒன்று கீழே இறங்கியது. பிறகு ஆள் தெரிந்தது. சட்டை இல்லை, சாரம் கிழிந்து தொங்கியது, காலெல்லாம் அட்டை கடித்த இரத்தம். விழுந்தார், எழுந்தார், மறுபடியும் விழுந்தார். வாய் திறந்திருந்தது, அதிலிருந்து சத்தம் வரவில்லை. எங்கள் ஆட்கள் இரண்டு பேரை இடித்துத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

பாக்கியம் கேத்தலைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

சன்னாசி அடிப்பதை நிறுத்தினார். பழனியாண்டி மனைவியைப் பார்த்தார். வெள்ளைக்கொடியைப் பார்த்தார். அழுதுகொண்டிருந்த கிழவியைப் பார்த்தார். கடைசியில் வாங்கில் இருந்த சேரைப் பார்த்தார், அவர் காலைப் பார்த்தார். சப்பாத்தைப் பார்த்ததும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நான் பின்னால் போய் நின்றுகொண்டேன், மறுபடியும் காட்டுக்குள் பாய்ந்தால் பிடிப்பதற்கு.

அவர் ஓடவில்லை. மனைவியின் தோளை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு திரும்பி, இரண்டு கையையும் சேர்த்து சேருக்கு முன்னால் நீட்டினார்.

"புடிச்சிக்கங்கையா" என்றார். "இவ இருக்கா. போதும்."

சேர் எழுந்தார். தலையிலிருந்த துவாயை எடுத்து அந்த ஈரத்தோளில் போட்டார். பாக்கியத்திடம் ஒரு கோப்பைத் தேத்தண்ணி ஊற்றச் சொல்லி வாங்கி, நீட்டியிருந்த கைகளுக்குள் வைத்து, கீழே விழாமல் தன்னுடைய கையாலும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"முதல்ல இதைக் குடியும்" என்றார். "செத்த வீட்டில வச்சு ஆரையும் பிடிக்கிற பழக்கம் எங்கட இலாகாவில இல்லை."